மண்டைக்கு ஒரு விளக்கு

கம்பெனிக்காரர் அட்டைப்பெட்டியைக் கத்தியால் கிழித்ததும் ஹாலில் இருந்த எல்லோரும் பயிற்சியை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். டயர் பட்டறைக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஷெட்டுக்குத்தான் குத்துச்சண்டை ஹால் என்று பெயர். மழை பெய்தால் வளையத்துக்குள்ளேயே ஒரு மூலையில் வாளி வைக்க வேண்டும். வாளியில் கால் படாமல் சண்டை போட எல்லோரும் பழகியிருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் புதுப்பெட்டி ஒன்று வந்தால் யார் நின்று மணல்மூட்டையைக் குத்திக்கொண்டிருப்பார்கள்?

பெட்டிக்குள் தலைக்கவசங்கள் இருந்தன. ஹாலில் அதற்கு மண்டை என்றுதான் பெயர். "என் மண்டைய எவன்டா எடுத்தான்?", "உன் மண்டை நாறுது, வெயில்ல காயப்போடு" என்று தினமும் காதில் விழும். பழைய மண்டைகள் தோல் வெடித்து, பஞ்சு வெளியே தள்ளி, எத்தனையோ பேருடைய வியர்வையைக் குடித்து விறைத்துப் போயிருந்தன. புதியது கறுப்பாக, மெல்லியதாக, கையில் எடுத்தால் கனமே தெரியாமல் இருந்தது. நெற்றியில் பட்டன் அளவுக்கு ஒரு விளக்கு.

நான் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தேன். மாவுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் நான். காதுமடலிலும் புருவத்திலும் மாவு ஒட்டியிருக்கும். தங்கையை வீட்டுக்கு அழைத்துப்போக தினமும் அந்த ஷெட்டுக்கு வருவேன். வீட்டில் அவள் பாப்பா. ஹாலில் லெஃப்டு. இடது கைக்காரி. அவளுடைய இடது கை எப்போது கிளம்பியது என்று வாங்கியவனுக்கு விழுந்த பிறகுதான் தெரியும்.

"இது சாதா நுரை இல்ல. விண்வெளிக்குப் போறவங்களுக்காகக் கண்டுபிடிச்ச நுரை. அஞ்சு அடுக்கு. வெளிய விழுற அடி ஒவ்வொரு அடுக்கா இறங்கி, உள்ள வர்றதுக்குள்ள தீர்ந்தே போயிடும்" என்றார் கம்பெனிக்காரர். வெள்ளைச் சட்டை, கறை படாத செருப்பு. ஆனால் பேச்சில் திமிர் கிடையாது. எல்லோரையும் அண்ணே, தம்பி என்றுதான் கூப்பிட்டார்.

"தீர்ந்து எங்க சார் போகும்? பஸ் பிடிச்சு ஊருக்கா?" என்று கேட்டான் டயர். முன்னால் இருக்கும் பட்டறையில் வேலை செய்கிறவன். தங்கையின் எடைப்பிரிவுதான் அவனுக்கும் என்பதால் அவளோடு பயிற்சிச் சண்டை போடுகிறவனும் அவன்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனிக்காரரும் சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க தம்பி. இந்த விளக்கு இருக்கு பாருங்க. பச்சைன்னா எல்லாம் நல்லாயிருக்கு. மஞ்சள்னா கவனம். சிவப்புன்னா உடனே நிறுத்தணும். எல்லாக் கணக்கும் மாஸ்டரோட ஃபோனுக்கு வந்துடும். மண்டைக்குள்ள ஒரு டாக்டரே உட்கார்ந்திருக்கிற மாதிரி."

மாஸ்டர் தன் ஃபோனை அவரிடம் நீட்டினார். மாஸ்டருக்கு ஒரு காது கசங்கிப்போன காகிதம் மாதிரி இருக்கும். மூக்குத்தண்டு என்று ஒன்று கிடையாது. காசு வாங்காமல் சொல்லித்தருகிறவர் என்பதால் அவர் பேச்சுக்கு ஹாலில் மறுபேச்சு இல்லை.

எனக்கு மட்டும் வாய் அடங்கவில்லை. "சார், நாங்க மூட்டை தூக்கும்போது தலையில சும்மாடு வெப்போம். சும்மாடு வெச்சா தலைத்தோல் கிழியாது, மூட்டை உறுத்தாது. அவ்வளவுதான். கனம் என்னவோ கழுத்துக்குப் போய்ச் சேரத்தான் செய்யும். நான் எவ்வளவு மெத்தையா சும்மாடு கட்டினாலும் மூட்டை எடை குறையாது. இதுவும் அப்படித்தானே?"

கம்பெனிக்காரருடைய முகம் மலர்ந்தது. "அண்ணே, அருமையாச் சொன்னீங்க! இந்த மாதிரி யாருமே சொன்னதில்ல. ஒரே ஒரு தடவை அதையே திருப்பிச் சொல்லுங்க, நான் எடுத்துக்கிறேன்" என்று ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். கேள்வியைக் கேட்டால் பதிலும் சொல்வார் என்று நினைத்து நான் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை மாவைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் கிடங்கில் நுழையும்போதே கூச்சல். "வழிவிடுங்கடா, நட்சத்திரம் வருது!" மேஸ்திரி தன் ஃபோனைக் காட்டினார். மாவு படிந்த புருவத்தோடு நான். "சும்மாடு வெச்சா தலைத்தோல் கிழியாது, மூட்டை உறுத்தாது" என்கிறேன். அடுத்து அந்தக் கறுப்பு மண்டை சுழன்று சுழன்று வருகிறது. மறுபடி நான். "இதுவும் அப்படித்தானே!" கீழே பெரிய எழுத்தில், உழைப்பாளியின் நம்பிக்கை என்று போட்டிருந்தார்கள். கழுத்துக்குப் போய்ச் சேருகிற கனத்தை எங்கேயோ வெட்டிப் போட்டுவிட்டார்கள்.

"நான் இப்படிச் சொல்லவே இல்லை" என்றேன்.

"வாய் உன்னுது, குரல் உன்னுது. பின்ன உன் மாமனா சொன்னான்?" என்றார் மேஸ்திரி. மூட்டை ஏற்றிவிடும்போதெல்லாம் "உறுத்துதா அண்ணே?" என்று அன்று முழுக்கக் கேட்டுச் சிரித்தார்கள்.

அம்மாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அம்மாவும் பாப்பாவும் ஹோட்டல் துணி வெளுக்கிற சலவை ஆலையில் வேலை செய்கிறார்கள். அம்மா இஸ்திரி மேசையில். பாப்பா ஈர விரிப்புகளை உதறி மடிக்கிற பக்கம். அம்மா அந்த வீடியோவை ஆலையில் எல்லோருக்கும் காட்டியிருந்தாள். நான் நடந்ததை விளக்கினேன். "சரி விடுடா, உன் முகம் அழகா விழுந்திருக்கு" என்றாள். பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி தன் மகளை ஹாலில் சேர்த்துவிட்டு, "நீங்க சொன்னதாலதான் தம்பி தைரியமா விட்டேன்" என்றாள். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. பயிற்சிக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் கையில் துணி சுற்றிவிடும்போது, "காலைல என்ன சாப்பிட்ட?" என்று கேட்பார். ரொட்டி, முட்டை, ஒண்ணுமில்லை, எதையாவது சொல்வார்கள். ஒண்ணுமில்லை என்கிறவனுக்கு ஒரு வாழைப்பழம் கிடைக்கும். பயிற்சியில் யாராவது தலையில் பலமாக வாங்கினால் சண்டையை நிறுத்திவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்பார். இரண்டு பதிலும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கையுறையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மாஸ்டராகப் பார்த்துக் கூப்பிடும்வரை வளையத்தில் கால் வைக்க முடியாது. ஒருமுறை டயர் "நாளைக்கு ரொட்டி" என்று பதில் சொல்லிவிட்டான். ஹாலே உருண்டு சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. அவனை மாதக்கணக்கில் உட்காரவைத்தார். அவன் வாசலில் நின்று அழுதான், அப்போதும் விடவில்லை.

புது மண்டை வந்த பிறகும் மாஸ்டர் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கம்பெனிக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டு, "மாஸ்டர், அதெல்லாம் அந்தக் காலம். சாப்பாட்டைக் கேட்டு மூளையைப் பார்க்க முடியுமா? ஃபோனைப் பாருங்க" என்றார். அந்த வாரமே கம்பெனி செலவில் கூரைக்குப் புதுத்தகரம் வந்தது. வாளி வெளியே போயிற்று. மாஸ்டர் மூக்குக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டார். வளையத்துக்கு வெளியே நாற்காலி போட்டு, மடியில் ஃபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் வரிசையாக எல்லோருடைய மண்டையும் பச்சைப் புள்ளிகளாக இருந்தன. கேள்வி நின்றுபோனது.

அதற்கப்புறம் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். முன்பெல்லாம் பயிற்சியில் உடம்பில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், தலையில் பாதிக் கைதான். யாரும் எழுதி ஒட்டிய விதி இல்லை அது. நாளைக்கும் இவனோடுதானே ஆட வேண்டும் என்ற எண்ணம்தான். இப்போது அந்தப் பாதிக் கை முழுக் கையானது. அடித்தால் விளக்கைப் பார்த்தார்கள். பச்சை. இன்னும் ஓங்கி அடித்தார்கள். பச்சை. சிவப்பு எரியவைக்கிறவனுக்கு டீ என்று பந்தயம் கட்டினார்கள். அந்த டீயை யாரும் குடிக்கவில்லை. மஞ்சள்கூட எரியவில்லை.

பாப்பாவுக்கு அப்போது துறைமுகக் குத்துச்சண்டை அணியின் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் எடையில் ஒரே ஓர் இடம். அணியில் சேர்ந்தால் துறைமுகத்தில் நிரந்தர வேலை, ஓய்வூதியத்தோடு. ஈர விரிப்புகளை உதறி உதறி விரல் இடுக்குகளில் தோல் உரிந்து கிடக்கிற வாழ்க்கையிலிருந்து வெளியே போக அவளுக்கு இருந்த ஒரே கதவு அதுதான். தேர்வுக்காரர்கள் புதிதாக ஒன்று அறிவித்திருந்தார்கள். இந்தக் கம்பெனியின் தலைக்கவசத்தோடு பயிற்சி எடுத்தவர்கள், விளக்கு பச்சையாகவே இருந்ததாக ஃபோன் கணக்கைக் காட்டினால் போதும். தலையைப் படம் எடுக்கிற பரிசோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

ஒரு சாயங்காலம் டயருடைய வலது கை பாப்பாவின் கன்னப்பொறியில் விழுந்தது. அவள் விழவில்லை. முழங்கால் மட்டும் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. மணி அடித்ததும் தன் மூலைக்குப் போகாமல் டயருடைய மூலைக்குப் போய், அவனுடைய முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏய் லெஃப்டு, அது என் இடம்" என்று சிரித்தான் அவன். அவள் முகத்தைக் குனிந்து பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "மாஸ்டர், இவ கண்ணு சரியில்ல."

மாஸ்டர் ஃபோனைத் தூக்கிக் காட்டினார். "பச்சைதான்டா. போ, போ. தேர்வு வருது."

"மாஸ்டர், கேளுங்க அவளை. எப்பவும் கேப்பீங்களே" என்றேன் நான் கயிற்றுக்கு வெளியேயிருந்து.

"நீ மூட்டையைப் பாரு தம்பி. இதை நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் காலை நான் எழுந்தபோது பாப்பா அடுப்படியில் ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அம்மா வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான் என்றாள். நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, "காலைல என்ன சாப்பிட்ட பாப்பா?" என்றேன்.

"என்ன, மாஸ்டர் வேலைய நீ எடுத்துக்கிட்டியா?"

"சொல்லேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் கண்கள் மெதுவாகத் தொட்டிப் பக்கம் போயின. அங்கே கழுவாத தட்டு, அதில் முட்டை ஓடு. "முட்டை" என்றாள்.

அது அம்மா சாப்பிட்ட முட்டை. இவள் சாப்பிட்டதற்கு அவள் மடியிலேயே ரொட்டித் தூள் கிடந்தது. என் தங்கை சாப்பிட்டதை மறந்தது ஒரு பக்கம். மறந்தது எனக்குத் தெரியக்கூடாது என்று தொட்டியைப் பார்த்துத் துப்பு தேடினாளே!

அன்று மத்தியானம் மேஸ்திரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். கம்பெனிக்காரர் அன்றைக்கு வருகிற நாள். காருக்குள் உட்கார்ந்து தயிர் டப்பாவை ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டார். "வாங்கண்ணே! உங்க வீடியோ பிச்சுக்கிட்டுப் போகுது."

"சார், சிவப்பு எப்ப எரியும்?"

"எரியாதுண்ணே. நல்ல சரக்கு."

"என் தங்கச்சி காலைல தின்னது சாயங்காலம் மறந்துபோச்சுன்னா பரவாயில்ல, காலைலயே மறந்துபோச்சு. நேத்து அவ நெத்தியில பச்சைதான் எரிஞ்சுது. அந்த விளக்கு எதைத்தான் பாக்குது?"

அவர் ஸ்பூனை டப்பாவுக்குள் வைத்தார். "நுரையைப் பாக்குதுண்ணே. அடி விழ விழ நுரை அமுங்கும். திரும்ப எழும்பாம போச்சுன்னா சிவப்பு எரியும். அப்ப ஹெட்கார்டை மாத்திடணும்."

"அப்ப தலை?"

"தலையா?" அவர் உண்மையிலேயே திகைத்தார். "தலைக்குள்ள நாங்க எப்படிண்ணே பாக்க முடியும்? ஹெட்கார்டு நல்லாயிருக்கான்னு சொல்லும். அவ்வளவுதான். தலையைப் பத்தி நாங்க எங்கேயுமே சொல்லலையே."

"மண்டைக்குள்ள டாக்டர்னு சொன்னீங்களே."

"மாதிரின்னு சொன்னேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, நானும் விக்கிறவன்தான். போன வருஷம்வரைக்கும் தண்ணி சுத்தம் பண்ற மெஷின் வித்தேன். அவங்க என்ன சொல்லச் சொல்றாங்களோ அதைச் சொல்றேன். தங்கச்சியை டாக்டர்கிட்ட காட்டுங்க. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சட்டையைப் பிடிக்கலாம் என்று போனவன் நான். அவர் உதட்டோரத்தில் தயிர் ஒட்டியிருந்தது. இந்த ஆளை அடித்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் சந்தேகம் இருந்துச்சு" என்றார் கடைசியில்.

"பின்ன ஏன் மாஸ்டர்?"

"இப்ப நான் அவளை நிறுத்துறேன்னு வெச்சுக்கோ. துறைமுகத்துக்காரன் காரணம் கேப்பான். முட்டை, ரொட்டின்னு சொன்னா சிரிப்பான். ஃபோன்ல பச்சையா இருக்கேம்பான். அவ இடத்துக்கு அடுத்த ஹால்லேர்ந்து ஒருத்தி போவா. அவ தலையிலயும் இதே மண்டைதான். நாளைக்கு உன் தங்கச்சி துணி மடிச்சுக்கிட்டு என் மூஞ்சியில துப்புவா. அதுவும் சரிதான்."

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

மாஸ்டர் புதுக்கூரையை அண்ணாந்து பார்த்தார். "என்னை யாரும் எதுவும் கேட்டதில்லடா. போட்ட சண்டையெல்லாம் இந்த மண்டைகூட இல்லாமப் போட்டது. இப்ப சில நாள் எங்க தெருமுனையில நின்னு, எந்தப் பக்கம் திரும்பணும்னு யோசிக்கிறேன். பொட்டிக்கடைக்காரன் கை காட்டி அனுப்புவான். அதனாலதான்டா அந்தக் கேள்வியே கேக்க ஆரம்பிச்சேன்." எழுந்து என் தோளில் கை வைத்தார். "தேர்வு முடியட்டும். அதுக்கப்புறம் ரெஸ்ட் குடுத்துடலாம்."

பாப்பாவிடம் அன்று மாலை வீட்டு வாசற்படியில் வைத்துச் சொன்னேன். அவள் சலவை ஆலையிலிருந்து வந்து, உரிந்த விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். விளக்கு நுரையைத்தான் பார்க்கிறதாம், தலையைப் பார்ப்பதே இல்லையாம் என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"என் தலைண்ணா. வலிக்கிறது எனக்குத் தெரியாதா? அந்தப் பச்சையைப் பாத்து நான் ஏமாந்துட்டேன்னு நினைச்சியா? ஏமாறவேண்டியது துறைமுகத்துக்காரன். படம் எடுக்கச் சொன்னா மாட்டிக்குவேன். இந்த விளக்கு இருக்கிறதாலதான் எடுக்க வேணாம்னு விட்டிருக்கான். அது பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். எனக்கு இப்ப அந்தப் பொய் வேணும்."

"பாப்பா, வேலை எங்கேயாவது கிடைக்கும்."

"எங்க? சொல்லு."

நான் யோசித்தேன். கிடங்கைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ரெண்டு வருஷமா முதுகுல பட்டி கட்டிக்கிட்டுப் போறியே. டாக்டர் மூட்டை தூக்காதேன்னுதானே சொன்னார்? இறக்கி வெச்சியா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தை மூடி உள்ளே எடுத்துப்போனாள். போகும்போது கதவு நிலையில் தோள் இடித்தது. அந்த நிலை அவள் பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

தேர்வு ஒரு பெரிய உள்ளரங்கத்தில் நடந்தது. பளபளக்கும் மரத்தரை. கம்பெனியின் பெயர் போட்ட பதாகைகள். வளையத்துக்குப் பக்கத்தில் மருத்துவருக்கு ஒரு மேசை. அறுபதைத் தாண்டிய அம்மாள். நல்ல முகம். பாப்பா எடை பார்க்கப் போயிருந்த நேரத்தில் நான் அவரிடம் போய் நின்றேன்.

"டாக்டரம்மா, இடது கை ஆடுற பொண்ணோட அண்ணன் நான். அவளுக்குத் தலைவலி இருக்கு, மறதி இருக்கு. கதவுல இடிக்கிறா. தயவுசெஞ்சு ஒரு தடவை நல்லாப் பாருங்க."

இதைச் சொல்லிவிட்டால் அவள் ஆயுசுக்கும் என்னை மன்னிக்கமாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன். மருத்துவர் பாப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். தலைவலி உண்டா என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். அண்ணனுக்கு நான் சண்டை போடுறதே பிடிக்காது" என்றாள் பாப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை.

மருத்துவர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஃபோன் கணக்கைப் பார்த்தார். "எல்லாம் பச்சையா இருக்கே." பிறகு என்னை உற்றுப் பார்த்து, "உங்களை எங்கேயோ..." என்றார். "அட, அந்த வீடியோவுல வர்றவர்தானே நீங்க? என் பேத்தி சைக்கிள் பந்தயத்துக்குப் போறா. உங்களைப் பாத்துட்டுத்தான் அதே கம்பெனில அவளுக்கு ஒண்ணு வாங்கினேன். அதுலயும் விளக்கு இருக்கு."

"அம்மா, நான் அப்படிச் சொல்லல. பாதியை வெட்டிட்டாங்க."

"அண்ணன்னா பயம் இருக்கத்தான் செய்யும்பா" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். "போய் உட்காருங்க."

போய் உட்கார்ந்தேன்.

எதிராளி உயரக்காரி. கை நீளம். முதல் சுற்றில் பாப்பாவுடைய இடது கை இரண்டு முறை உள்ளே போய் வந்தது. மாஸ்டர் மூலையில் நின்று ஏதோ கத்தினார். இரண்டாவது சுற்றில் அவள் கைகள் கொஞ்சம் இறங்கின. உயரக்காரியின் வலது கை அவள் காதோரத்தில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். லாரியிலிருந்து மூட்டை தவறித் தரையில் விழுகிற சத்தம். பாப்பா நின்றாள். ஆனால் எதிராளியைப் பார்த்து நிற்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து நின்றாள், யாரையோ தேடுகிற மாதிரி.

"நிறுத்துங்க!" என்று எழுந்து கத்தினேன். "நிறுத்துங்கய்யா!"

நடுவர் நிறுத்தத்தான் செய்தார். பாப்பாவின் முகத்துக்குக் குனிந்தார். அவர் பார்வை அவள் கண்ணுக்குப் போகவில்லை. நேராக நெற்றிக்குப் போனது. பச்சை. கைகளை ஆட்டி, ஆடச் சொல்லிவிட்டு விலகினார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பி, "உட்காருங்க சார், மறைக்குது" என்றார்.

அதற்கப்புறம் அவளை ஆடவைத்தது அவளில்லை, பழக்கம். உயரக்காரி முடித்துவிடலாம் என்று பாய்ந்து வந்தாள். தானாகக் கிளம்பிய பாப்பாவின் இடது கை அவள் தாடையில் இறங்கியது. உயரக்காரி உட்கார்ந்துவிட்டாள், எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. அரங்கம் எழுந்து நின்றது. நடுவர் பாப்பாவின் கையைத் தூக்கினார். அவள் தூக்கப்பட்ட கையைத் திரும்பிப் பார்த்தாள், வேறு யாருடையதோ என்பது மாதிரி. மாஸ்டர் குழந்தை மாதிரி அழுதார். துறைமுக அணிக்காரர் வந்து, திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார். சேருவதற்கு முன்னால் பொதுவான உடல் பரிசோதனை ஒன்று உண்டு, ஆஸ்பத்திரிப் பதிவு ஏதாவது இருந்தால் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பிரச்சினையே இல்லை என்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அடித்தது. பாப்பா என் துண்டை வாங்கி முகத்தில் போட்டுக்கொண்டாள். அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். ஆலை இரைச்சலுக்கு நடுவே அம்மா அழுவதும் சிரிப்பதும் கேட்டது. ஃபோனை வைத்த பிறகு பாப்பா துண்டுக்குள்ளிருந்து கேட்டாள்.

"யாருண்ணா ஜெயிச்சா?"

"நீதான்."

"ம்" என்றாள். சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். "அண்ணா, சண்டை எத்தனை மணிக்கு?"

"முடிஞ்சுடுச்சு பாப்பா."

"யாரு ஜெயிச்சா?"

பஸ் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நின்றது. எதிரே வாசல் தெரிந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு யாரோ போனார்கள். நான் அவள் கையைப் பிடித்து எழுந்தேன். "வா, இறங்கு."

அவள் துண்டை எடுத்தாள். வெளியே பார்த்தாள். அந்த வாசலைப் பார்த்த கணத்தில் அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது போல் இருந்தது. இன்ன நாள், இன்ன இடம், திங்கட்கிழமை என்ன இருக்கிறது, எல்லாம். என் சட்டையை இடது கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிடுவாங்கண்ணா. எழுதினா போச்சு. வேணாம்."

"பாப்பா..."

"உன் கால்ல விழுறேன். திங்கட்கிழமை முடியட்டும்."

அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். மூட்டை தூக்குகிற கை என்னுடையது. முடியாமல் இல்லை. பலமாக இழுத்தால் விரல் இடுக்கில் உரிந்த தோல் கிழியும் என்று தோன்றியது. அவளைத் தூக்கிக்கொண்டுகூட இறங்கலாம். இறங்கி, உள்ளே போய், அவர்கள் எழுதி, திங்கட்கிழமை போய், அவள் மறுபடி ஈர விரிப்பை உதறிக்கொண்டு, தலைவலி அப்படியே இருந்தால்? இறங்காமல் போய், திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஆனால்? இரண்டுக்கும் நடுவே நான் படிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"இறங்குறீங்களா இல்லையா?" என்று கண்டக்டர் கேட்டார். "சொல்லுங்க சார், பின்னாடி வண்டி நிக்குது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். கண்டக்டர் ஒரு நொடி பார்த்துவிட்டு விசிலை ஊதினார். பஸ் நகர்ந்தது. அவள் சட்டையை விடவில்லை. நான் உட்கார்ந்தேன்.